போடிநாயக்கனூர், போடிமெட்டு: கூட்டுப் பெயர்களில் அசைப்பிரிப்பும் அழுத்தமும்

அசைப்பிரிப்பு என்பது ஒரு சொல்லை அது ஒலிக்கும் சிறு கூறுகளாகப் பகுத்துக் காட்டுவது. அழுத்தம் என்பது அக்கூறுகளுள் ஒன்று மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பது. இரண்டு அல்லது மூன்று சொற்கள் ஒட்டி உருவான நீண்ட கூட்டுச் சொற்களில் இவை இரண்டும் ஒரு கேள்வியை எழுப்புகின்றன: சொற்கள் எந்த இடத்தில் ஒட்டினவோ அந்த இடத்தில்தான் அசையும் பிரிகிறதா? நீண்ட கூட்டுச் சொற்களுக்குப் பெயர்பெற்ற டச்சு மொழியில் இதற்கு விடை பெரும்பாலும் "ஆம்". தமிழில் பெரும்பாலும் "இல்லை". தமிழில் சொற்கள் சேரும்போது புணர்ச்சி அந்த எல்லையை அழித்துவிடுகிறது. அசை அந்த எல்லையைத் தாண்டி ஓடுகிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், அதற்கு மேலே மலையில் உள்ள போடிமெட்டு ஆகிய ஊர்ப்பெயர்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள்.

பெயர்களும் இடமும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. ஏலக்காய் வணிகத்துக்கும் ஏலத்துக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கிருந்து முந்தல் வழியாக ஏறும் மலைப்பாதை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தமிழ்நாடு – கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டை அடைகிறது. கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் பகுதி இது. எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி, பிறகு மூணாறு. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை கூட்டுச் சொற்கள். மலையேறும் பேருந்தின் பெயர்ப்பலகையே ஓர் இலக்கணப் பாடம் எனலாம்.

போடிநாயக்கனூர் என்ற பெயரில் மூன்று உறுப்புகள் உள்ளன: போடி, நாயக்கன், ஊர். போடிமெட்டு என்பதில் இரண்டு: போடி, மெட்டு. இங்கே மெட்டு என்பது மலையின் மேட்டையும் கணவாய் முகட்டையும் குறிக்கும் வட்டாரச் சொல். பாட்டின் மெட்டு அன்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் இன்னொரு பாதையின் உச்சியும் கம்பம்மெட்டு என்றே அழைக்கப்படுகிறது. "போடி" என்ற எழுத்துருவைப் பார்த்து வெளியூர் மாணவர்கள் சிரிப்பது உண்டு. பெண்ணை விரட்டும் "போடி"க்கும் ஊர்ப் பெயருக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. ஒலியில் உண்டு. ஊர்ப் பெயரின் முதல் பகரத்தை உள்ளூரார் "பந்து" என்ற சொல்லின் முதல் ஒலியைப் போலக் குரல் அதிர ஒலிக்கின்றனர். தமிழ் எழுத்து அதைக் காட்டுவதில்லை. மலையாள எழுத்தில் இவ்விரு பகரங்களுக்கும் தனித்தனி வடிவங்கள் இருப்பதால் எல்லைக்கு அந்தப் பக்கம் இந்த ஐயமே எழாது.

ஒரே பெயர், மூன்று பிரிப்புகள்

போடிநாயக்கனூர் என்பதைப் பொருள் நோக்கிப் பிரித்தால் போடி + நாயக்கன் + ஊர். இது உறுப்புப் பகுப்பு.

வாயில் ஒலிக்கும்படி பிரித்தால் போ-டி-நா-யக்-க-னூர் என ஆறு ஒலியசைகள் வரும். கடைசி அசையைக் கவனிக்க வேண்டும். "நாயக்கன்" என்ற சொல்லின் இறுதி ஒற்றான ன், அடுத்து வந்த "ஊர்" என்பதன் முதல் உயிரோடு சேர்ந்து "னூ" என்ற ஒரே எழுத்தாகிவிட்டது. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது தமிழ்ப் புணர்ச்சியின் அடிப்படை விதி. அதன் விளைவாக நாயக்கன் தன் கடைசி ஒலியை ஊருக்குக் கொடுத்துவிட்டார். உறுப்பு எல்லை ன்-க்குப் பின்னால் இருக்கிறது. அசை எல்லை ன்-க்கு முன்னால் இருக்கிறது.

மூணாறு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மூணு + ஆறு சேரும்போது முதற்சொல்லின் குற்றியலுகரம் கெட்டு, எஞ்சிய ண் ஆகாரத்தோடு சேர்கிறது: மூ-ணா-று. இரு உறுப்புகளும் "ணா" என்ற ஒரே அசைக்குள் கலந்துவிட்டன. எல்லைக் கோட்டைப் போட இடமே இல்லை.

பூப்பாறையில் நடப்பது எதிர்த்திசை இயக்கம். பூ + பாறை சேரும்போது வல்லினம் மிகுந்து ப் தோன்றுகிறது. அந்தப் புதிய ஒற்று முதல் அசையோடு போய் ஒட்டுகிறது: பூப்-பா-றை. எந்த உறுப்புக்கும் சொந்தமில்லாத ஒலி அது. சேர்ந்திருக்கிறோம் என்று சொல்வதற்காகவே பிறந்தது. ஏலம் + காய் என்பதில் ம் கெட்டு க் மிகுந்து ஏ-லக்-காய் என்றாவதும் இதே வகைதான். கம்பம் + மெட்டு என்பதை மகர ஒற்றுடன் கம்பம்மெட்டு என்றும், ஒற்றுக் கெட்டுக் கம்பமெட்டு என்றும் எழுதக் காணலாம். முன்னதில் இரண்டாம் அசை "பம்", பின்னதில் "ப".

மூன்றாவது பிரிப்பு யாப்பிலக்கணத்துக்கு உரியது. செய்யுளின் அசையும் ஒலியியல் அசையும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொள்வது மாணவர்களிடம் மிகுதி. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வழிநின்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறைப்படி, குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. இரு குறிலோ, குறிலை அடுத்து நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நிரையசை. இதன்படி அலகிட்டால் போ / டிநா / யக் / கனூர், அதாவது நேர் நிரை நேர் நிரை. ஆறு ஒலியசைகள் நான்கு யாப்பசைகளாகச் சுருங்கின. அதைவிட முக்கியமானது, "போடி"யின் கடைசி எழுத்தும் "நாயக்க"னின் முதல் எழுத்தும் "டிநா" என்ற ஒரே நிரைக்குள் புகுந்துகொண்டன. பெயரைப் போடி என்றும் நாயக்கனூர் என்றும் இடைவெளி விட்டு இரு சீராக எழுதினால் போ / டி, நா / யக் / கனூர் என்று அலகு முழுவதும் மாறிவிடும்.

இதில் ஒரு சுவையான விளைவு உண்டு. நேர் நிரை நேர் நிரை என்பது கூவிளந்தண்ணிழல் என்னும் நாலசைச் சீர். வெண்பாவில் நாலசைச் சீருக்கு இடமில்லை. எனவே போடிநாயக்கனூர் ஒரே சீராக வெண்பாவுக்குள் நுழைய முடியாது. பேச்சு வடிவமான போடிநாய்க்கனூர் என்பதும் போ / டிநாய்க் / கனூர் எனக் கூவிளங்கனிச் சீராகி வாசலில் நின்றுவிடும். புலவர் வகையுளியைத்தான் நாட வேண்டும்: போடிநா யக்கனூர். இப்போது கூவிளம், கூவிளம்; விளத்தின் முன் நேர் வந்ததால் இயற்சீர் வெண்டளையும் பிழையின்றி அமைகிறது. ஆனால் நாயக்கனை நடுவில் வெட்டியாயிற்று. பொருள் நோக்கில் இதைவிட மோசமான இடத்தில் வெட்ட முடியாது. ஓசை நோக்கில் இதைவிட நல்ல இடம் இல்லை. போடிமெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. போ / டிமெட் / டு என்பது கூவிளங்காய். முழுதாகவே உள்ளே வரலாம்.

அழுத்தம் எங்கே விழுகிறது

தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. பொருளை மாற்றுவது ஒலியின் நீளமும் ஒற்று இரட்டித்தலும். படம், பாடம்; பட்டு, பாட்டு; பனி, பன்னி என்ற இணைகளில் வேறுபாட்டைச் சுமப்பவை மாத்திரைகள். சொல்லின் முதல் அசை சற்று ஓங்கி ஒலிப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதை "அழுத்தம்" என்று சொல்வதைவிட, முதல் அசை தேய்வதில்லை, பின்வரும் அசைகள் தேயும் என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கம்.

மரபிலக்கணமும் இதைத் தன் வழியில் பதிவு செய்துள்ளது. இரண்டு மாத்திரை பெறும் ஐகாரம் சொல்லின் முதலில் ஒன்றரை மாத்திரையாகவும், இடையிலும் கடையிலும் ஒரு மாத்திரையாகவும் குறுகும் என்பது பள்ளிப் பாடம். பூப்பாறையின் இறுதி "றை" அப்படிக் குறுகியது. போடிமெட்டின் இறுதி "டு" குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரையே. ஐரோப்பிய மொழி இலக்கணங்கள் "அழுத்தம் பெறாத அசை" என்ற தலைப்பில் பேசுவதில் ஒரு பகுதியைத் தமிழ் இலக்கணம் குறுக்கம் என்ற தலைப்பில் பேசிவிட்டது.

நீண்ட கூட்டுப் பெயர்களில் இந்தத் தேய்வு கண்கூடு. நாயக்கன் என்பது பேச்சில் நாய்க்கன் ஆகிறது. "யக்" என்ற அசையின் அகரம் மறைந்து ஆறு அசைகள் ஐந்தாகின்றன: போ-டி-நாய்க்-க-னூர். "நா" என்பதன் நெடில் மட்டும் கெடவில்லை. இரண்டாம் உறுப்பின் முதல் அசை என்பதால் அது காப்பாற்றப்படுகிறது என்று கொள்ளலாம். புணர்ச்சியால் மறைந்த உறுப்பு எல்லையின் தடம் இப்படித் தேயாத அசையாக எஞ்சி நிற்கிறது. பேச்சு இன்னும் அவசரப்படும்போது முதல் உறுப்பு மட்டும் மிஞ்சும்: போடி. "போடிக்குப் போறேன்" என்பதே வழக்கு. உடுமலைப்பேட்டை உடுமலை ஆனதும் இவ்வாறே. ஆனால் தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், கோயம்புத்தூர் கோவை ஆனதும் வேறு வகை. அவை வெறும் வெட்டு அல்ல; முதற்பகுதியை உருமாற்றி அமைத்த மரூஉ.

டச்சு மொழியின் வழி

டச்சு மொழியில் கூட்டுச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்தே எழுதுவர். பணி இயலாமைக் காப்பீட்டைக் குறிக்கும் ஆர்பெய்ட்ஸ்-ஓன்கஸ்கிக்ட்ஹெய்ட்ஸ்-ஃபெர்ஸேகரிங் என்ற அன்றாடச் சொல்லுக்கு ரோமன் எழுத்தில் 33 எழுத்துகள். இங்கே கோடுகள் படிக்க வசதியாக இடப்பட்டவை; டச்சில் அவை இல்லை. இதில் இருமுறை வரும் இணைப்பு "ஸ்" ஒலி எந்த உறுப்புக்கும் பொருள் கூட்டுவதில்லை. தமிழின் சாரியைக்கும் மிகும் வல்லினத்துக்கும் உறவு சொல்லத்தக்கது. பூப்பாறையின் ப் போலவே அதுவும் இடப்பக்க உறுப்போடுதான் சேர்கிறது. ஒற்றுமை இவ்வளவில் முடிகிறது. இரு சொற்கள் சேர்ந்த கூட்டுச் சொல்லில் முதன்மை அழுத்தம் பொதுவாக முதல் உறுப்பில் விழும், இரண்டாம் உறுப்பு துணை அழுத்தம் பெறும். வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது உறுப்பு எல்லைக்கே முதலுரிமை. மக்கள் "பச்சைப் புத்தகம்" என்று அழைக்கும் அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் சொற்களின் உடைப்பிடங்களையும் குறித்துக் காட்டுகிறது.

உறுப்பு எல்லையை மதிக்கும் மொழியில், எல்லை தெரியாவிட்டால் சொல்லே தெரியாது. க்வார்ட்ஸ்லாகன் என்ற எழுத்துத் தொடரை க்வார்ட் + ஸ்லாகன் என்று பிரித்தால் "கால் சுற்றுகள்". க்வார்ட்ஸ் + லாகன் என்று பிரித்தால் "படிகக்கல் அடுக்குகள்". இன்னொரு சொல்லை உடல்பிடிப்புக்கான படுக்கை என்று படித்தால் மசாஜபெட். அழுத்தம் "சா" மீது விழும். பெருந்திரள் பிரார்த்தனை என்று படித்தால் மசாகபெட். அழுத்தம் "ம" மீது விழும். இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. ஃபோர்கோமன் என்ற வினையில் அழுத்தம் முதலில் விழுந்தால் "நேர்தல்", நடுவில் விழுந்தால் "தடுத்தல்".

தமிழிலும் இருபொருள் பிரிப்பு உண்டு. நன்னூல் அதைப் பொதுமொழி என்கிறது. எட்டு என்பது எண்ணாகவும், எள் + து என்று பிரிந்து "எள்ளை உண்" எனவும் பொருள்படும். வேங்கை என்பது மரமாகவும் விலங்காகவும், வேம் + கை என்று பிரிந்து வேகின்ற கையாகவும் பொருள்படும். ஆனால் எப்படிப் பொருள் கொண்டாலும் வாயில் வருவது வேங்-கை என்ற அதே இரண்டு அசைகள்தாம். போடி கடைத்தெருவிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கும். ஏலம் என்பது ஏலச்செடி. போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த இன்னொரு ஏலம், விலை கேட்டு விற்பது. "ஏலக்கடை" என்று ஒருவர் சொன்னால் ஏலக்காய் விற்கும் கடையா, பொருள்களை ஏலம் விடும் கடையா? ஏ-லக்-க-டை என்ற ஒலி இரண்டுக்கும் ஒன்றே. டச்சுக்காரர் அழுத்தத்தையோ எல்லையையோ கொண்டு தீர்ப்பதை, தமிழர் பேச்சின் சூழலைக் கொண்டு தீர்க்கிறார். ஏலக்காய் ஏலம் விடும் ஊரில் அந்தச் சூழலும் சில வேளை உதவாது.

டச்சுச் சொற்கள் தமிழுக்கு வந்தபோது நேர்ந்ததும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. பின்னர் நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் நிலைகொண்டது. அக்காலத் தொடர்பில் வந்த சொல் கக்கூசு. மூலத்தில் அது கக் + ஹௌஸ் என்ற கூட்டுச் சொல். "ஹௌஸ்" என்றால் வீடு. தமிழ் ஹகர ஒலியை விட்டு, ககரத்தை இரட்டித்து, கக்-கூ-சு என்று ஆக்கிக்கொண்டது. "வீடு" என்ற உறுப்பு காணாமல் போயிற்று. இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர், ஆவணம் எழுதி உறுதிப்படுத்துபவரைக் குறிக்கும் நொத்தாரிசு ஆகிய சொற்களில், டச்சில் அழுத்தம் பெற்ற அசைகள் "தோ", "தா" என நெடிலாக நிற்கின்றன. அழுத்தத்தை எழுத வழியில்லாத மொழியில் நெடில் அந்த வேலையைச் செய்கிறது.

ரோமன் எழுத்தில் ஒரு ககரம்

போடிநாயக்கனூரை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒரு ககர எழுத்தா, இரண்டா என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. சிறு வேறுபாடு போலத் தோன்றினாலும் அசைப்பிரிப்பே இதில்தான் தொங்குகிறது. இரண்டு எழுதினால் யக்-க என்ற மூடிய அசை கிடைக்கும். ஒன்று எழுதினால் ய-க என்று அசை திறந்துவிடும். தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே வரும் தனிக் ககரம் மென்மையாக ஒலிக்கும். எனவே ஒற்றைக் ககர வடிவத்தைத் தமிழாகத் திருப்பிப் படித்தால் கிடைப்பது நாயக்கனூர் அன்று, நாயகனூர். பாளையக்காரரின் ஊர் திரைப்பட நாயகனின் ஊராகிவிடும். நெடில்களும் ரோமன் வடிவத்தில் தெரிவதில்லை. பெயரைத் தமிழில் கேட்டறியாதவர் எங்கு நீட்டுவது என்று தெரியாமல், தம் மொழியின் பழக்கப்படி நடுவில் ஓர் அசையை அழுத்தி ஒலிப்பார். ரோமன் வடிவத்தை மட்டும் வைத்து வழி சொல்லும் கணினிக் குரலும் அதையே செய்யும்.

இது போடிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூன் மாதம் வெளியானது. ஒரே ஒலியை ஊருக்கு ஊர் வேறு வேறாக எழுதியிருப்பதாக எதிர்ப்பு எழுந்ததும், அதே மாதத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நெடிலுக்கு இரட்டை உயிரெழுத்து, ஒற்று மிகும் இடத்தில் இரட்டை மெய்யெழுத்து என்ற இரண்டே விதிகளை முதலில் வகுத்து, பிறகு பட்டியல் போட்டிருந்தால் குழப்பத்தில் பாதி குறைந்திருக்கும். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ஓடத் தொடங்கிய ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூன் மாதம் மீண்டும் போடி வரை வந்தது. நிலையப் பலகையைப் பார்த்துப் பெயரைப் படிக்கும் வெளியூர்ப் பயணிகளும் அதனுடன் மீண்டும் வந்தனர்.

வரி முடிவில் எங்கே உடைப்பது

ஒடுங்கிய பத்தியில் போடிநாயக்கனூர் என்ற பெயர் வரியின் ஓரத்தில் வந்து நின்றால் அச்சுக் கோப்பவர் என்ன செய்வார்? தமிழ் நாளிதழ்களில் இடைக்கோடு இல்லாமலே சொல்லை உடைப்பது வழக்கம். போடி / நாயக்கனூர் என்று உடைக்கலாம்; அதுவே சிறப்பு. போடிநாயக் / கனூர் என்பதும் பிழையன்று. போடிநாய / க்கனூர் என்று உடைக்கக் கூடாது, ஏனெனில் புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் நிற்பதில்லை. போடிநாயக்கன் / ஊர் என்று பொருள் எல்லையில் உடைப்பது இயலவே இயலாது. "னூ" என்ற எழுத்தைப் பிளக்காமல் அங்கே கோடு போட முடியாது. பிளந்தால் எழுத்து மாறிவிடும். டச்சில் இத்தகைய எழுத்து மாற்றத்துக்கு அனுமதி உண்டு. இரு உயிர்கள் தனித்து ஒலிப்பதைக் காட்ட எழுத்தின் மேல் இடப்படும் இரட்டைப் புள்ளி, அந்த இடத்தில் சொல் உடைந்தால் நீங்கிவிடும்.

கணினியில் இந்திய மொழிகளுக்கான சொல் உடைப்பு விதித்தொகுப்புகளை சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கினார். தமிழுக்கான தொகுப்பு கட்டற்ற மென்பொருள்களில் பயன்படுகிறது. அதன் அடிப்படை எளிது: உயிர்மெய்க்குப் பின் உடைக்கலாம், புள்ளி எழுத்துக்கு முன் உடைக்கக் கூடாது. சொற்பொருள் எதுவும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. டச்சுக்கு அப்படிப் போதாது. க்வார்ட்ஸ்லாகன் கல்லா சுற்றா என்று தெரியாமல் எந்த நிரலும் அதைச் சரியாக உடைக்க இயலாது. தமிழ் நிரலுக்கு எளிமையின் விலை வேறு இடத்தில் இருக்கிறது. போடி / நாயக்கனூர் என்ற நல்ல உடைப்பும் போடிநா / யக்கனூர் என்ற உடைப்பும் அதன் கணக்கில் சமம். இரண்டில் எது கண்ணுக்கு இதம் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்குப் புணர்ச்சியைப் பின்னோக்கி அவிழ்த்துப் பார்க்கும் அகராதி ஒன்று வேண்டும்.